இருபது லட்சம் வீட்டுக்காரி

தையலக்கா வீட்டுக்கு அரசாங்கத்திலிருந்து கை தட்டுவதற்கென்று அதுவரை யாரும் வந்ததில்லை. தெருவைத் தோண்ட வந்திருக்கிறார்கள், தோண்டிய தெருவை மூடாமல் போக வந்திருக்கிறார்கள். ஆகவே ஒரு காலையில் ஜீப்பிலிருந்து ஆறு பேர் இறங்கி, வாசலில் இருந்த மின்சார மீட்டருக்கு முன்னால் வரிசையாக நின்று கை தட்டியபோது, வீட்டில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

பள்ளிச் சீருடை தைத்துப் பிழைப்பவள். அவளுக்குப் பெயர் என்று ஒன்று இருப்பதே தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் தையலக்காதான். புருஷன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை பார்த்த காலமெல்லாம் புகையையும் தூசியையும் டிக்கெட் இல்லாமல் நெஞ்சுக்குள் ஏற்றிக்கொண்டவர். ஏறியது ஒன்றும் இறங்கவில்லை. மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுவார்.

"யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள் தையலக்கா, கையில் கத்தரிக்கோலோடு.

"உங்களுக்குத்தான்மா, பெரிய கௌரவம்," என்றார் முன்னால் நின்றவர். ஆற்றல் மாற்றத் திட்ட ஆணையத்தின் தலைவர். "நீங்க சாதாரண ஆள் இல்ல. நீங்க இருபது லட்சம் வீடு."

"எனக்கு இருக்கிறது இந்த ஒரு வீடுதான் சார். அதுவும் வாடகை."

தலைவர் சிரித்தார். மற்ற ஐந்து பேரும் அதே அளவு சிரித்தார்கள்.

விஷயம் இதுதான். நிலக்கரியை விட்டுவிட்டு வெயிலையும் காற்றையும் நம்பி நாட்டுக்கு மின்சாரம் கொடுப்பதென்று முடிவாகியிருந்தது. நல்ல முடிவு, அதில் யாருக்கும் பேச்சில்லை. வெயிலும் காற்றும் கூப்பிட்ட நேரத்துக்கு வராதவை என்பதால், சனங்கள் எந்த நேரத்தில் எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்று முன்கூட்டியே தெரியவேண்டும். அதற்காக ஆணையம் ஆயிரம் வீடுகளில் தனி மீட்டர் மாட்டியது. சிலவற்றில் மழைநீர் இறங்கியது. சிலவற்றின் ஒயரை எலி தின்றது. சில வீடுகளை, அதே திட்டத்துக்கு மின்கோபுரம் நடுவதற்காக ஆணையமே இடித்தது. மிஞ்சியது தையலக்கா வீட்டு மீட்டர் ஒன்றுதான். படித்தவர்கள் கூடிப் பேசினார்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று பெரியவர்கள் சொல்லியிருப்பதை யாராலும் மறுக்க முடியவில்லை. இங்கே இருப்பது ஒரே பானையா என்று கேட்டிருக்கக்கூடியவர் ஒருவர் இருந்தார். அவர் அன்றைக்கு லீவு.

இப்படித்தான் தையலக்கா விளக்குப் போட்டால் இருபது லட்சம் வீடுகளில் விளக்கு எரிவதாகவும், அவள் அணைத்தால் அத்தனை வீடும் தூங்கப் போய்விட்டதாகவும் ஆயிற்று.

"நான் என்ன சார் பண்ணணும்?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமே பண்ண வேண்டாம். இயல்பா இருங்க. ஆனா திட்டத்துல இருக்கிற மாதிரி இயல்பா இருங்க."

இயல்பைக் கவனித்துக்கொள்ள ஒரு இளைஞனை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள். கணிப்பு உதவியாளர் என்பது அவன் பதவி. கணிப்புத் தம்பி என்று கூப்பிட்டாள் தையலக்கா. நல்ல பையன்தான். அதிர்ந்து பேசமாட்டான். சாப்பாட்டு நேரத்தில் தட்டை எடுத்து வைப்பான். ஆனால் அவள் தையல் மிஷினை மிதித்தால் மீட்டரைப் பார்ப்பான், மிஷினை நிறுத்திவிட்டு ஊசியில் நூல் கோத்தாலும் மீட்டரைப் பார்ப்பான். தன் வீட்டிலேயே திருடியைப்போல் நடமாடுவது எப்படி என்று அவள் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டாள்.

முதல் வம்பு இஸ்திரிப் பெட்டியால் வந்தது. பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், ஒரே மாலையில் மலைபோல் சீருடை தேய்க்க வேண்டியிருந்தது. தேய்த்தாள். மறுநாள் தலைவரே வந்துவிட்டார்.

"நேத்து சாயங்காலம் என்னம்மா பண்ணீங்க?"

"துணி தேச்சேன்."

"நாடே தேச்சிருக்கு! எங்க கணக்குப்படி இருபது லட்சம் இஸ்திரிப் பெட்டி. போன வாரம்தான் ஒரு நிலக்கரி நிலையத்த ரிப்பன் வெட்டி மூடினோம். ரிப்பன ஒட்டுப்போட்டுக் கட்டி மறுபடி திறக்க வேண்டியதாப்போச்சு. திறந்தா, கரண்ட்டு வாங்க ஆளில்ல."

"மத்த வீட்டுல யாரும் தேய்க்கலையே சார்."

"அதத்தான்மா நானும் சொல்றேன்," என்றார் தலைவர் வருத்தத்தோடு. "மத்தவங்க உங்களோட ஒத்துழைக்கல."

அன்றே நாடு இருண்டுபோகாததற்குக் காரணம், கட்டுப்பாட்டு அறையில் இருந்த நாலைந்து பேர். அவர்கள் முன்னால் ஒரு முள் ஆடிக்கொண்டிருக்கும். மின்சாரம் மிஞ்சினால் ஏறும், பற்றாவிட்டால் இறங்கும். திட்டம் ஒன்று சொல்லும், முள் வேறொன்று சொல்லும். அவர்கள் முள் பேச்சைக் கேட்டு நாட்டை ஓட்டினார்கள். இதற்கு ஆணையத்தின் அறிக்கைகளில் 'மனிதப் பிழை' என்று பெயர். பிழையை ஒழிக்க ஒரு குழு போடப்பட்டிருந்தது. அந்த வருஷமே அவர்களை வேறு இடத்துக்கு மாற்றி, ஒழித்தும் விட்டார்கள்.

பிறகு கார் வந்தது. திட்டப்படி நாட்டில் மூன்று வீட்டுக்கு ஒரு மின்சாரக் கார் இருக்கவேண்டிய வருஷம் அது. அப்படியானால் நாட்டுக்கே மாதிரி வீடான தையலக்கா வீட்டில் மூன்றில் ஒரு பங்கு கார் இருந்தாக வேண்டும். அதை எப்படி நிறுத்துவது என்று யோசித்து, முழுக் காரையே வாசலில் நிறுத்தி, மூன்று நாளைக்கு ஒருமுறை சார்ஜ் போடுவது என்று தீர்மானித்தார்கள். ஓட்டக் கூடாது. ஓட்டினால் போன தூரத்தையும் இருபது லட்சத்தால் பெருக்க வேண்டிவரும், சாலைத் துறை தாங்காது. திட்டத்தின் அடுத்த திருத்தத்தில் காரின் பங்கு இன்னும் குறைந்தது. வந்த மாதிரியே ஒருநாள் காரும் போய்விட்டது. தையலக்கா அதன் கதவைக்கூடத் திறந்து பார்த்ததில்லை.

கூரையில் சூரியத் தகடு பதித்ததுதான் உச்சம். பக்கத்தில் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று வானத்தை மறைத்து நின்றது. தகட்டின்மேல் வெயில் விழவே விழாது. ஆனால் வெயில் திட்டத்தில் இருந்தது. கணிப்புத் தம்பி ரொம்ப யோசித்து, எதிர்வீட்டு வெல்டர் மாடியில் பெரிய ஃப்ளட்லைட் ஒன்றை வைத்து, அந்த வெளிச்சத்தைத் தகட்டின்மேல் அடித்தான். மீட்டர் சந்தோஷமாகச் சுற்றியது.

"தம்பி, அந்த லைட்டுக்குக் கரண்ட்டு?" என்றாள் தையலக்கா.

"வெல்டரண்ணன் வீட்டுலேர்ந்து அக்கா."

"இதுல கிடைக்கிறதவிட அது அதிகமா இழுக்குமே."

"இழுக்கும். ஆனா அவர் வீடு மாதிரியில இல்ல. மாதிரியில இல்லாத வீட்டுல செலவானது செலவே இல்லக்கா."

கேட்டுக்கொண்டிருந்த கண்டக்டருக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கவில்லை. கட்டிலில் போட்டு முதுகைத் தடவிக்கொடுத்தாள். மாலையில் உதடு நீலம் பாரித்தது. ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்து, ஆக்சிஜன் மெஷின் ஒன்றை இரவலாகக் கொடுத்து அனுப்பினார்கள்.

"ராத்திரி பகலா ஓடணும்மா," என்றார் டாக்டர். "காத்த இது பிடிச்சுக் கொடுத்தாத்தான் அவருக்குள்ள போகும். நிறுத்திடாதீங்க."

மெஷினை வீட்டுக்குள் கொண்டுவந்ததும் கணிப்புத் தம்பி எழுந்து நின்றான். முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, ஒரு நிமிஷம். பிளக்கு போடாதீங்க. கேட்டுச் சொல்றேன்." ஆஸ்பத்திரி கொடுத்த சின்ன சிலிண்டர் அதுவரை கண்டக்டரைத் தாங்கியது.

அவசரக் கூட்டம் நடந்தது. அவளையும் கூப்பிட்டிருந்தார்கள். சுவர் முழுக்க நாட்டின் படம், படம் முழுக்கக் குட்டி விளக்குகள், எல்லா விளக்குக்கும் ஒரே சுவிட்ச். கூட்டம் தொடங்குமுன் எல்லாரும் எழுந்து நின்று மறுநாளைய கணிப்பை வாசித்தார்கள். பிறகு தலைவர் பேசினார்.

"நம்ம வேலைய நிறையப் பேர் தப்பாப் புரிஞ்சுக்கிறாங்க. நாம எதிர்காலத்தக் கணிக்கிறவங்க இல்ல. எதிர்காலத்துக்குச் சுற்றறிக்கை அனுப்புறவங்க. மக்கள் மட்டும் ஒழுங்கா நடந்துக்கிட்டா, உலகத்துல தோத்துப்போற திட்டம்னு ஒண்ணு கிடையாது." கை தட்டினார்கள். அவர் தையலக்கா பக்கம் திரும்பினார். "அம்மா, உங்க வீட்டுக்காரர் மேல எங்களுக்கு ரொம்ப மரியாதை. ஆனா நீங்க அந்த மெஷினப் போட்டா இருபது லட்சம் மெஷின். நாட்டுல பாதி நெஞ்சு நோயாளின்னு ஆயிடும். வெளிநாட்டுக்காரன் என்ன நினைப்பான்?"

"அவருக்கு மூச்சு வேணும் சார்."

"மறுக்கல. சட்டப்படி உங்க பங்கு உங்களுக்கு உண்டு. இந்த மாதிரி மெஷின் நாட்டுல நானூறு வீட்டுக்கு ஒண்ணு இருக்கு. அப்போ மாதிரி வீட்டுக்கு ஒரு நாள்ல நானூத்துல ஒரு பங்கு. அதாவது," பக்கத்திலிருந்தவர் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார், "மூணரை நிமிஷம். தாராளமாப் போட்டுக்கலாம்."

"மீதி நேரம் அவரு என்ன பண்ணுவாரு?"

"மீதி மூச்சைத்தான் மத்த முன்னூத்தித் தொண்ணூத்தொம்பது வீட்டுலயும் விட்டுக்கிட்டிருக்காங்களேம்மா!"

சொன்ன தலைவர் முகத்தில் கேலி இல்லை. கேலி செய்கிற ஆளிடம் சண்டை போடலாம். இவர் மனப்பூர்வமாக உதவி செய்துகொண்டிருந்தார்.

வீடு திரும்பியவளிடம் விஷயத்தைக் கேட்டு வெல்டர் காறித் துப்பினார். "என் வீட்டுலேர்ந்து ஒயர் இழு தாயி. என் வீட்ட எவன் எண்றான்?" தெருவுக்கு மேலே ஒயர் இழுத்து, ஜன்னல் வழியாகக் கொண்டுவந்து, மெஷினை ஓட்டினார்கள். கணிப்புத் தம்பி மீட்டரைப் பார்த்தான். மீட்டர் அசையவில்லை. "அப்ப எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா," என்று சொல்லிவிட்டு, அன்றைக்குத்தான் அவன் நிம்மதியாகச் சாப்பிட்டான்.

அது நீடித்திருந்தால் கதையே இல்லை. முள்ளைப் பார்க்கிறவர்கள் போய்விட்டார்கள் அல்லவா, அந்தச் சமயம் காற்றும் திட்டப்படி வீசவில்லை. ஏன் என்று விளக்கம் கேட்டு ஆணையம் காற்றாலைக்காரர்களுக்கு எழுதியது. எங்களுக்கும் அதே சந்தேகம்தான் என்று அவர்கள் பதில் எழுதினார்கள். தெருத் தெருவாக மின்வெட்டு ஆரம்பித்தது. மாதிரி வீட்டுக்கு மட்டும் தனிக் கம்பி போட்டு, வெட்டிலிருந்து காப்பாற்றினார்கள். அங்கே கரண்ட் போனால் மீட்டர் பூஜ்யம் காட்டும், பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் நாட்டில் ஆளே இல்லை என்று வரும். இந்த ஏற்பாட்டால் ஆணையத்தின் பதிவேடுகளில் ஒரு நொடிகூட மின்வெட்டு நிகழவில்லை.

ஒருநாள் விளக்கு வைக்கிற நேரம். தையலக்கா சீருடைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். மெஷினின் உறுமல் சட்டென்று நின்றது. தலை தூக்கிப் பார்த்தாள். அவள் வீட்டு விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது. ஜன்னலுக்கு வெளியே தெரு முழுக்க இருட்டு. வெல்டர் வீடும் இருட்டு. சிலிண்டரில் இருந்தது முன்பே தீர்ந்திருந்தது. வெளிச்சத்தின் நடுவில் கண்டக்டர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு, கரையில் போட்ட மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினார்.

அவளுக்கு அப்போது வந்த கோபம் வாழ்நாளில் வந்ததில்லை. ஜன்னல் ஒயரைப் பிடுங்கி எறிந்தாள். மெஷின் பிளக்கைத் தன் வீட்டுச் சுவரில் செருகினாள்.

"அக்கா, வேண்டாம்க்கா! மூணரை நிமிஷத்துக்கு மேல..."

"நீ மூணரை நிமிஷம் மூச்சப் பிடிச்சுக்கிட்டு உட்காரு தம்பி. அப்புறம் பேசலாம்."

அவன் உட்கார்ந்துவிட்டான். மெஷின் ஓடியது. கண்டக்டரின் நெஞ்சு மெல்ல மெல்லச் சமாதானமானது. அதே நேரம் ஆணையத்தில் இருபது லட்சம் மெஷின்கள் ஒன்றாக ஓடுவதாகத் தெரிந்து, கையிருப்பில் இருந்த நிலையங்களையெல்லாம் முடுக்கினார்கள். மின்சாரம் வந்து குவிந்தது. கொஞ்ச நேரத்தில் தெரு விளக்குகள் எரிந்தன, வெல்டர் வீட்டு விளக்கு எரிந்தது, ஊர் விளக்கெல்லாம் எரிந்தது. பல மாதத்தில் முதல்முறையாகச் சனங்களுக்குத் தேவையானதும் வந்ததும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தன. ஆணைய வரலாற்றில் இதைவிடப் பெரிய குற்றம் நடந்ததில்லை.

மறுநாள் தலைவர் உட்காரக்கூட இல்லை. "உங்கமேல நம்பிக்கை வச்சோம்மா. ஆனா நீங்க மக்கள் மாதிரியே இல்ல," என்றார். இரண்டு பேர் மீட்டரைக் கழற்றினார்கள். தகட்டைக் கழற்றினார்கள். தனிக் கம்பியையும் வெட்டினார்கள். கணிப்புத் தம்பி தலையைக் குனிந்துகொண்டு ஜீப்பில் ஏறினான்.

புது மாதிரி வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தது. கைக்கடிகாரம் பழுது பார்க்கிற ஒரு தனிக்கட்டை. ஒரு விளக்கு, ஒரு ஃபேன். பொழுது சாய்ந்தால் படுத்துவிடுவார். உறவு இல்லை, வரவு இல்லை, நோய் இல்லை. "கடைசியில சரியான மக்கள் கிடைச்சிட்டாங்க," என்று தலைவர் கூட்டத்தில் கண் கலங்கினாராம். நாட்டின் தேவை ஒரே வாரத்தில் மளமளவென்று சரிந்தது. இனி எதற்கு இத்தனை நிலையம் என்று ஒவ்வொன்றாக மூடினார்கள். குறித்த வருஷத்துக்கு முன்பே இலக்கை எட்டியதற்காக ஆணையத்துக்குக் கேடயம் ஒன்றும் கிடைத்தது.

வெட்டு காலையும் மாலையும் என்று இருந்தது போய், நாள் முழுக்க என்று ஆயிற்று. தையலக்கா ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். ஆஸ்பத்திரி வீடு இல்லை என்பதால் அதுவும் மாதிரியில் இல்லை. டீசல் ஜெனரேட்டரையும் மாற்றத்தின் பெயரால் எடுத்துப்போயிருந்தார்கள். தாழ்வாரத்தில் வரிசையாகப் படுத்திருந்தவர்களைப் பார்த்துவிட்டு, கடைசி சிலிண்டர் ஒன்றைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு திரும்பினாள். அழவில்லை. அழுவதற்கும் ஒரு நேரம் கிடைக்க வேண்டுமே.

சிலிண்டர் முள் சிவப்புக்கு வந்த மதியத்தில், வெல்டரின் தள்ளுவண்டியில் கண்டக்டரை உட்காரவைத்து, மடியில் மெஷினை வைத்துத் தள்ளிக்கொண்டு கிளம்பினார்கள். எங்கே என்று யாரும் கேட்கவில்லை. தெருவுக்கே புரிந்துவிட்டது. குளிரில் வைக்கவேண்டிய ஊசிமருந்தைப் பையில் பிடித்துக்கொண்டு ஒரு பெண் கூட வந்தாள். செத்துக்கிடந்த போனோடு நாலு பேர் வந்தார்கள். போகப்போகக் கூட்டம் நீண்டது.

கடிகாரக்காரர் வீட்டில் பட்டப்பகலில் விளக்கு எரிந்தது. திட்டத்தில் இருந்தது போலும். கதவைத் திறந்த கணிப்புத் தம்பி அப்படியே நின்றுவிட்டான்.

"அக்கா... இந்த வீட்டுல யாருக்கும் மூச்சுத் திணறல் இல்லக்கா."

"இனிமே இருக்கும். தள்ளு."

"வெளியாள் யாரும் பயன்படுத்தக் கூடாது. குடும்பத்து ஆள் மட்டும்தான்னு விதி. என் வேலை போயிடும்க்கா."

உள்ளிருந்து கடிகாரக்காரர் எட்டிப் பார்த்தார். கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வண்டியில் இருந்த நீல உதட்டைப் பார்த்தார்.

"யாருய்யா வெளியாள்? இவன் என் தம்பி. உள்ள தூக்கிட்டு வாங்க."

"பின்னால இவ்வளவு பேர் நிக்கிறாங்களே சார்?"

"அவங்களும் சொந்தம்தான். பெரிய குடும்பம்."

கண்டக்டரைக் கட்டிலில் கிடத்தினார்கள். சிலிண்டர் முள் பூஜ்யத்தில் கிடந்தது. அவர் கண் மேலே செருகியது. தையலக்கா பிளக்கைக் கையில் எடுத்தாள். கணிப்புத் தம்பி சுவிட்ச் பலகையின்மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டு, அழாத குறையாகச் சொன்னான்:

"அக்கா, யோசிச்சுப் பாருங்க. நீங்க இதப் போட்டா இருபது லட்சம் வீட்டுலயும் ஒருத்தர் மூச்சுக்குத் தவிக்கிறாருன்னு ஆயிடும்."

"ஆகட்டும்," என்றாள். அவன் கையை விலக்கிவிட்டுச் சுவிட்சைப் போட்டாள்.

மெஷின் உறுமத் தொடங்கியது. கண்டக்டர் முகத்தில் குழாயை வைத்து, நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். கதவருகில் வெல்டர் ஊசிமருந்துக்காரப் பெண்ணை முன்னால் விட்டுவிட்டு, கடிகாரக்காரரிடம் கேட்டார்:

"அண்ணே, இன்னொரு பிளக்கு எங்க இருக்கு?"